தண்ணி வேணுமா சார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் வேலையை விட்டேன். அது பெரிய கதை, விடுங்கள். மனசு சரியில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கும்பகோணத்தில் இறங்கினேன். ராத்திரி எட்டு மணி. கையில் ஒரு லேப்டாப் பை மட்டும்தான். பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், பாத்திரக் கடைக்கு மாடியில் ஒரு லாட்ஜ். வாடகை 900 ரூபாய். பேரம் பேசவில்லை, இரண்டு நாளுக்கும் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன்.

அந்த லாட்ஜைப் பற்றி நான்கு பக்கம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால்: ஏழாம் நம்பர் அறைக்கு அடுத்தது ஒன்பது. எட்டு கிடையாது. ஒரே ஜன்னலைப் பிளைவுட் தடுப்பு இரண்டாக வெட்டுகிறது. பாதி எனக்கு, பாதி பக்கத்து அறைக்காரருக்கு. ஃபேன் ஒன்று நிற்கிறது, இல்லையென்றால் பறக்கிறது, நடுவில் எதுவும் கிடையாது. பாத்ரூம் கண்ணாடி முழுக்க யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். மேலே காற்றோட்டமான அறைகள் காலியாகக் கிடக்க, கவுண்டரை ஒட்டிய அறையைத்தான் தருவேன் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தார். லெட்ஜரில் எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், என்ன காரியம் என்று ஏகப்பட்ட கட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது வயது ‘ரூம் பாய்’ ஒருவர். ஒன்பதரைக்குக் கதவைத் தட்டி “தண்ணி வேணுமா சார்?” பதினொன்றுக்கு மறுபடி தட்டி “கொசுவத்தி வேணுமா சார்?” விடிகாலை ஐந்துக்கு “காபி வேணுமா சார்?” பிரைவசி என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்கள்.

கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு இதையெல்லாம் எழுதினேன். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கட்டுரையாக்கச் சொன்னார்கள். என் கேள்விகள் இரண்டு. இது பயணக் கட்டுரையா, வெறும் புகாரா? லாட்ஜின் பெயரைப் போடலாமா?

க., ஓசூர்

பி.கு.: அடுத்த மாதம் அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன். அவருக்கு முட்டி வலி. தங்குவதற்கு ஏதாவது யோசனை சொல்லுங்களேன்.

*

அன்புள்ள க.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பது வழக்கம். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன வாரம் ஒரு கோயில் ஊரில் லாட்ஜ் வாசலைத் தாண்டி நடந்தபோது, ‘தனி நபருக்கு அறை கிடையாது’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். கீழே இன்னொரு வரி: ‘தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்’. ஊருக்கு வந்த பிறகும் அந்தத் ‘தயவுசெய்து’ போகவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் நான்கு பக்கமும் வந்து விழுந்தன.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பயணக் கட்டுரையா என்றால், ஒரு பக்கம் மட்டும் ஆமாம். அந்தப் பாதி ஜன்னல் வரும் பக்கம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போனில் தன் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும், ஏழேழு நாற்பத்தொன்பது என்று அவர் சொன்னபோது இருட்டில் படுத்திருந்த நீங்களும் வாய்க்குள் சொன்னதும் நன்றாக வந்திருக்கின்றன. அதை எழுதத் தெரிந்தவருக்கு நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. மீதி மூன்று பக்கமும் வாட்ஸ்அப் குரூப்புக்காக எழுதியவை. சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து எழுதும்போது கை கொஞ்சம் கூட்டித்தான் போடும். அந்த முதியவரின் நடையை வர்ணித்து ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். எழுபது வயதில் கூஜாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் பாருங்கள், உங்கள் நடை எப்படி இருக்கிறதென்று.

பெயர் போடக் கூடாது. இதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை.

பெட்ஷீட் கறை, கைப்பிடி உடைந்த பக்கெட், ஒரே சானல் வரும் டிவி, ஆறரைக்கு நின்றுபோன வெந்நீர் இதையெல்லாம் விட்டுவிடலாம். 900 ரூபாய் வாடகைக்கு வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? இந்த விலையில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் படும் பாடு தனி. 2022 ஜூலை வரைக்கும் 1000 ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஊர் ஊராக ‘அறை 999’ என்று போர்டு தொங்கியது அதனால்தான். அப்புறம் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். இதற்கு நடுவில் பெட்ஷீட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளுப்பது என்று முதலாளி கணக்குப் போடத்தான் செய்வார்.

எட்டாம் நம்பருக்குக் காரணம் சனி. எட்டு ராசியில்லை, வேறு அறை கொடுங்கள் என்று கவுண்டரில் தினமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் நம்பரையே எடுத்துவிட்டிருப்பார்கள். உங்களுக்கு அது விசித்திரம். அவர்களுக்கு ஒரு வாக்குவாதம் மிச்சம்.

பாதி ஜன்னலுக்கும் காரணம் உண்டு. அந்தப் பகுதியில் உள்ள பழைய லாட்ஜ்களில் பலவும் முன்பு வீடுகள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று தெருவிலிருந்து தெரு வரைக்கும் நீளமாகப் போகும் வீடு. பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறார்கள். வீட்டை வாங்குகிறவர் முற்றத்தைத் தளம் போட்டு மூடுகிறார். கூடத்தை நடுவில் தடுத்தால் இரண்டு அறை. ஜன்னல் மட்டும் பழைய கூடத்து ஜன்னல், அதை நகர்த்த முடியாது. மகாமகம் நெருங்கினால் இந்த வேலை இன்னும் மும்முரமாகும். 1992, 2004, 2016, இனி 2028. அடுத்த தடவை போனால் உங்கள் பாதி ஜன்னலும் இரண்டாகியிருக்கலாம்.

லெட்ஜரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன் என்று எதற்கு எழுத வேண்டும், இவர்கள் யார் கேட்பதற்கு என்று கோபம். சரி, இந்த இடத்தில் நான் என் சித்தப்பாவைக் கூப்பிட்டாக வேண்டும்.

என் சித்தப்பா கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். நீங்கள் தங்கியது இல்லை. அவருடைய லாட்ஜ் இன்றைக்கு ஜவுளிக்கடை. மாடிப்படிக்கு அடியில்தான் அவருடைய கட்டில், டிரங்குப் பெட்டி, ஒரு முருகன் காலண்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் போனால் காலியாக இருக்கும் அறையில் படுக்க வைப்பார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் பார்த்தவர்களில் ஆட்களை அவ்வளவு வேகமாகப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

1992 பிப்ரவரியில் மகாமகத்தன்று குளத்தில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 50 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அவர் அந்த லெட்ஜரைத்தான் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சாவி திரும்பி வராத அறை எது, அதில் எத்தனை பேர், எந்த ஊர், யாருக்குத் தகவல் சொல்வது என்று. திரும்பி வந்தவர்கள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. அந்த லாட்ஜில் தங்கியிருந்த எல்லாருக்கும் கோடு விழுந்தது, கடைசிக் கோடு மறுநாள் மதியம். நீங்கள் ‘என்ன காரியம்’ என்ற கட்டத்தில் ‘சும்மா’ என்று எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் ‘சும்மா’வைப் படித்த மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

ஏனென்று சொல்கிறேன். சித்தப்பா சொல்வார்: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறவனைப் பற்றிக் கவலைப்படாதே. அவன் காலையில் குளிக்கப் போகிறவன். வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவனைப் பற்றியும் கவலைப்படாதே. செக் அவுட் எப்போது என்று கேட்காதவன், பேரம் பேசாதவன், மாற்றுத்துணி இல்லாமல் வருகிறவன், பக்கத்தில் எந்த ஓட்டல் நன்றாக இருக்கும் என்று விசாரிக்காதவன், மீதிச் சில்லறையை வாங்காமல் நடக்கிறவன். அவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள், தம்பி. ராத்திரி எட்டு மணி. தனி ஆள். லேப்டாப் பை மட்டும். பேரம் இல்லை. இரண்டு நாள் பணம் முன்கூட்டியே. காரியம் ‘சும்மா’. வந்ததிலிருந்து சாப்பிட வெளியே போகவில்லை என்று உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. முகம் எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணாடியில்தான் பொட்டு.

உங்களை யாரும் வேவு பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறீர்களா என்று பார்த்தார்கள்.

உங்கள் மனசில் அப்படி ஒன்றுமே இருந்திருக்காது. இருக்கட்டும். மேனேஜருக்கு அது எப்படித் தெரியும்? கவுண்டரை ஒட்டிய அறையை அவர் பிடிவாதமாகக் கொடுத்ததும் அதனால்தான். சித்தப்பாவின் லாட்ஜில் மூன்றாம் நம்பர் அறை. அதன் வென்டிலேட்டர் அவருடைய மேசைக்கு நேர் மேலே இருக்கும். உள்ளே இருமினால் கேட்கும், குழாயைத் திறந்தால் கேட்கும், விளக்கு எரிகிறதா என்று தெரியும். மேல் மாடி அறையைக் கேட்டு எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். “மேல மோட்டார் ரிப்பேர் சார், தண்ணி ஏறாது” என்று கூசாமல் பொய் சொல்வார்.

தட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. “நல்லா இருக்கீங்களா” என்று கேட்கவே கூடாது. கேட்டால் “இருக்கேன்” என்று உள்ளேயிருந்தே பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கதவைத் திறக்க வைக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் கையில் ஏதாவது பொருள் வேண்டும், திறந்து வாங்கிக்கொள்ளும்படியான பொருள். முதலில் தண்ணீர். நீங்கள் என்ன செய்தீர்கள்? கதவைத் திறக்காமலே “வேணாம்” என்று கத்தினீர்கள். உங்கள் கட்டுரையில் இரண்டாம் பக்கம். அதனால்தான் பதினொன்றுக்குக் கொசுவத்தி. அதற்கும் நீங்கள் திறக்கவில்லை. அந்தக் கிழவர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஐந்து மணிக்குக் காபிக் கடை திறந்ததும் டம்ளரோடு வந்து நின்றிருக்கிறார். அப்போது கதவைத் திறந்தேன், “சரி சரி, நீங்க தூங்குங்க சார்” என்று சொல்லிவிட்டுக் காபியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார், என்ன ஆளோ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வந்த வேலை முடிந்துவிட்டது, தம்பி. காபியை அவரே குடித்திருப்பார்.

எனக்குக் கோபம் வருவது இதற்காக. இத்தனையும் உங்கள் நான்கு பக்கத்துக்குள் இருக்கிறது. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, ஒரு ஸ்டாரும் போட்டிருக்கிறீர்கள்.

இப்படித் தட்டாத லாட்ஜ்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். போர்டு மாட்டிவிடுகின்றன. தனி நபருக்கு அறை கிடையாது. அவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரியாததல்ல. சித்தப்பாவின் லாட்ஜிலும் ஒருமுறை தனியாக வந்தவர் அறையிலேயே உயிரை விட்டுவிட்டார். அதைப் பற்றி விவரமாக எழுதப் போவதில்லை. விசாரணை, பஞ்சாயத்தார் கையெழுத்து, பூட்டிய அறை, ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தது, பேப்பரில் லாட்ஜ் பெயரோடு செய்தி, அந்த மாதம் முழுக்க ஆளே வராதது. முதலாளி வந்து, இனிமேல் ஒற்றை ஆளுக்குக் கொடுக்காதே என்றார். சித்தப்பா அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். “நாம இல்லைன்னு சொன்னா அவன் வீட்டுக்கா போகப் போறான்? நான் பாத்துக்கறேன் முதலாளி.” மூன்றாம் நம்பர் அறை ஏற்பாடு அதற்கப்புறம் வந்ததுதான்.

அந்த போர்டுகளின் அநியாயம் இதுதான். வீட்டில் இருக்க முடியாமல் ஒருவன் கிளம்பி வருகிறான். நாலு லாட்ஜில் ஏறி இறங்குகிறான். எல்லா இடத்திலும் முகத்தைப் பார்த்துவிட்டு ‘ஃபுல்’ என்கிறார்கள். சாவிப் பலகையில் சாவிகள் தொங்குவது அவன் கண்ணுக்கே தெரிகிறது. அன்றைக்கு அவனிடம் சொல்லவே கூடாத ஒரு பதிலை நாலு தடவை சொல்லி அனுப்புகிறோம். எதற்கு? நம் அறையில் நடக்காமல் இருந்தால் போதும் என்பதற்கு.

பெண்கள் கதை இன்னும் நன்றாக இருக்கும். நான் தணிக்கைத் துறையில் இருந்தவள். பேரூராட்சிக் கணக்குகளைப் பார்க்க ஊர் ஊராகப் போக வேண்டும். ஒரு ஊரில் அலுவலகக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கவுண்டரில் வைத்தேன். அந்த ஆள் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு, “கூட ஜென்ட்ஸ் யாராச்சும் வருவாங்களா மேடம்?” என்றார். வரமாட்டார்கள் என்றதும் கடிதத்தை அழகாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ரயில்வே ஸ்டேஷன் பெண்கள் காத்திருப்பு அறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த ஊர்ப் பேரூராட்சியின் குடிநீர் வரிப் பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்பளை கூட வந்திருந்தால் அவர் யார் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, கோயம்புத்தூரில் ஒரு விடுதியைப் பூட்டி சீல் வைத்த வழக்கில். இரண்டு பேருக்கே இல்லாத தடை ஒருவருக்கு எங்கிருந்து வந்தது? கவுண்டரில் கேட்டால் “போலீஸ் சொல்லியிருக்கு” என்பார்கள். எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட மாட்டார்கள்.

நீங்கள் போன ஊர் தஞ்சாவூர்ச் சீமை என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி 1801இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாகத் தஞ்சாவூரில் இருந்த ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் ராஜ்யத்தைக் கையில் எடுத்தாகிவிட்டது. சத்திரங்களின் மேல் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் என்று மன்றாடி எழுதியது. ராமேஸ்வரம் போகும் பாதையில் தஞ்சாவூர் ராஜாக்கள் கட்டிவைத்த சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மிளகும் மற்ற சாமான்களும். நடுராத்திரி வரைக்கும் இது நடக்கும். அப்புறம் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவுவார்கள். நோயால் மேற்கொண்டு போக முடியாமல் நின்றுவிட்டவர்களைக் குணமாகும்வரை வைத்தியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மணியைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சோறு போடுவது பெரிய விஷயம்தான், ஆனால் பணம் இருந்தால் போட்டுவிடலாம். எல்லாரும் சாப்பிட்டாயிற்று, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடலாம் என்ற நேரத்தில், மூலையில் முடங்கிக் கிடப்பவன் ஒருத்தன் இருப்பான் என்று நினைத்து எழுந்துபோய் மணி அடிக்கச் சொல்லியிருக்கிறார்களே. கூச்சப்பட்டு வராதவனுக்காக ஒரு மணி. அன்றைக்கு ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை என்பதை அந்த லாட்ஜில் இரண்டு பேர் கவனித்திருக்கிறார்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். எல்லாச் சாதிக்கும் சோறு போட்டார்கள் என்றால் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று அர்த்தமில்லை. அப்புறம் வந்த சத்திரங்களில் பலவும் அவரவர் சாதிக்குக் கட்டியவை. பழனியிலும் ராமேஸ்வரத்திலும் போர்டைப் பார்த்தாலே தெரியும். மதுரையில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் இன்றும் சத்திரம் இருக்கிறது. மூட்டையோடு வருகிறவன் முதலில் தேடுவது தலைசாய்க்க ஓர் இடம் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்த ஊரில்தான் இன்றைக்கு ஒற்றை ஆளாக அறை கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

இதை அரசாங்கம் வந்து சரிசெய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லாட்ஜ் அறையிலும் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மது அருந்தக் கூடாது, சமையல் செய்யக் கூடாது, விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அதற்குக் கீழே, மனசு உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேச 104, 14416 என்று இரண்டு உதவி எண்ணையும் அச்சடித்துவிட என்ன செலவு? இரண்டிலும் தமிழில் பேசுவார்கள், எந்த நேரமானாலும். பேப்பரில் இந்த எண்களைச் செய்திக்கு அடியில் போடுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகு. கதவுக்குப் பின்னால் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் படும். நான் தங்கும் அறைகளில் இப்போதெல்லாம் பேனாவால் எழுதிவிட்டுத்தான் வருகிறேன். நிர்வாகம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஒரு ஸ்டாருக்கு வருகிறேன். அதை நீங்கள் விளையாட்டாகப் போட்டிருப்பீர்கள். அந்த லாட்ஜ் முதலாளியின் மகன் எங்கோ உட்கார்ந்து போனில் அதைப் பார்ப்பான். ‘ஸ்டாஃப் ராத்திரியில் தொந்தரவு செய்கிறார்கள்’. உடனே மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்துவான். அந்தப் பெரியவரை இனிமேல் கெஸ்ட் கதவைத் தட்டக் கூடாது என்பார்கள், அல்லது வேலையைவிட்டே நிறுத்துவார்கள். அப்புறம் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு, ஒரு பையோடு, பேரம் பேசாமல் இன்னொருவன் வருவான். இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். கட்டுரை எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ‘பெரிய கதை, விடுங்கள்’ என்று ஒரே வரி. நான் விடுவதாக இல்லை. அம்மாவை யாத்திரை கூட்டிப்போகும் அளவுக்கு வீட்டில் பேச்சு இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல். வேலையை விட்டதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால் ராமேஸ்வரம் போய்ச்சேர்வதற்குள் ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாக்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும், நாம் சொல்வதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்கள். என் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கிறது. தளத்துக்கு என்று எழுதாமல் எனக்கு என்று எழுதுங்கள்.

ராமேஸ்வரத்தில் ஆன்லைனில் படம் பார்த்து புக் செய்யாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். மூன்று கேள்வி. கீழ்த்தளத்தில் அறை உண்டா, இல்லையென்றால் லிப்ட் ஓடுகிறதா (‘இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள்). வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா. கோயிலுக்கு நடந்துபோகும் தூரமா. மூன்றாவதை விட்டுக்கொடுக்கவே கூடாது. அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி முடித்தால் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நிற்பீர்கள். ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். மாற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். முட்டி வலிக்காரரை ஈர உடம்போடு ஆட்டோவுக்காக நிற்க வைக்க முடியாது. தீர்த்தக் கிணறுகளைச் சுற்றித் தரை எப்போதும் தண்ணீராகவே இருக்கும், வழுக்கும், அம்மா கையை விடாதீர்கள். 22ம் ஆடியே தீர வேண்டும் என்று அவர் அடம் பிடிப்பார். பாதியில் உட்கார இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேராகப் போகிறீர்கள், அதனால் அறை கிடைத்துவிடும்.

கட்டுரையைத் திருத்தினால் அனுப்புங்கள், படிக்கிறேன். அந்த வாய்ப்பாட்டுப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா